இயற்கை தாவுகிறதா? அதிர்ச்சி அலைக்குள் ஒரு நெகிழிச் சங்கிலி

இயற்கை படிப்படியாகத்தான் நடக்கிறதா, சில இடங்களில் தாவவும் செய்கிறதா என்பது தத்துவத்தின் பழைய கேள்விகளுள் ஒன்று. இதற்கு லைப்னிட்ஸ் தயக்கமே இல்லாமல் விடை சொன்னார்: இயற்கை ஒருபோதும் தாவுவதில்லை. 1704 அளவில் எழுதி, அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து 1765இல் அச்சேறிய நூலின் முன்னுரையில் இதை ஒரு விதியாகவே வைத்தார். சிறிய அளவிலிருந்து பெரிய அளவுக்குப் போகும் எதுவும் இடையிலுள்ள அளவுகள் எல்லாவற்றையும் கடந்தே போயாக வேண்டும் என்பது அதன் சாரம். லின்னேயஸ் 1751இல் தாவரங்களை வகைப்படுத்தியபோதும், டார்வின் 1859இல் உயிரினங்களின் தோற்றத்தை விளக்கியபோதும் இந்த விதியைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள்.

அதிர்ச்சி அலை இந்த விதியை நேருக்கு நேர் எதிர்ப்பதுபோலத் தோன்றும். சாதாரண ஒலி அலை பொருளை மெல்ல அழுத்தி மெல்ல விடுகிறது. அழுத்தம் மிகுந்த இடத்தில் அலை வேகமாகவும், குறைந்த இடத்தில் மெதுவாகவும் போவதால், வலுவான அலையின் பின்பகுதி முன்பகுதியை எட்டிப் பிடித்துவிடுகிறது. சரிவாக இருந்த அலை செங்குத்தாகிறது. அதன் பிறகு பொருளுக்குள் ஓடுவது ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் சாதாரண அழுத்தம். அந்தப் பக்கம் லட்சக்கணக்கான வளிமண்டல அழுத்தம். இந்தச் சுவர் ஒரு பாலிமருக்குள் ஓடும்போது நடப்பது இன்னும் வியப்பானது. மண்ணில் எத்தனை ஆண்டு கிடந்தாலும் எளிதில் மக்காத பாலித்தீன், ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைந்த நேரத்தில் கரியாகவும் வாயுவாகவும் மாறிவிடுகிறது. முன் இருந்தது ஒன்று, பின் இருப்பது வேறொன்று. நடுவில் எதுவும் இல்லை என்றே படுகிறது. இது உண்மையிலேயே ஒரு தாவலா? தாவல் இல்லையென்றால், நடுவில் இருப்பது என்ன? அதை எதனால் நடந்தது என்று சொல்வது? வேதியியலர்களின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தாலும் இவை தத்துவக் கேள்விகள்தாம்.

தாவலைக் கண்ட இயற்பியலாளர்களே அதை நம்பத் தயங்கிய கதையிலிருந்து தொடங்குவது நல்லது. 1848இல் ஜேம்ஸ் சாலிஸ் என்ற வானியலாளர், ஒலி அலைக்கான பழைய கணிதத் தீர்வில் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார். அந்தத் தீர்வின்படி ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் காற்று மிக வேகமாகவும் நகர வேண்டும், அசையாமலும் நிற்க வேண்டும். கேம்பிரிட்ஜில் இருந்த ஸ்டோக்ஸ் அதே ஆண்டில் பதில் எழுதினார். அலை செங்குத்தாகிவிட்ட பிறகு தொடர்ச்சி அறுந்துபோகிறது. அந்த அறுபட்ட இடத்தின் இரு பக்கத்திலும் நிறையும் உந்தமும் மட்டும் காக்கப்பட்டால் போதும் என்றார். துணிச்சலான முடிவு அது. பின்னாளில் கெல்வினும் ராலேயும், அந்தக் கணக்கில் ஆற்றல் காக்கப்படவில்லையே என்று கேட்டார்கள். ஸ்டோக்ஸ் அந்த ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டார். 1883இல் அவரது கட்டுரைகள் தொகுதியாக வெளிவந்தபோது, தொடர்ச்சி அறுவதைப் பற்றிய தம் கருத்தைக் கைவிட்டிருந்தார்.

அவர் கைவிட்டது சரியான கருத்தை. காணாமல்போனதாகக் கருதப்பட்ட ஆற்றல் வெப்பமாக மாறியிருந்தது. 1870இல் ராங்கினும், அவரைச் சாராமல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹியூகோனியோவும் இதைக் காட்டினார்கள். ஹியூகோனியோவின் கட்டுரைகள் 1887இலும் 1889இலும் அச்சாயின. முதல் கட்டுரை வந்த ஆண்டிலேயே அவர் இறந்துவிட்டார். ஆற்றல் அழியாமையை நேர்மையாகக் கணக்கில் எடுத்தால், அதிர்ச்சி அலை கடந்த பொருள் சூடாகியே தீர வேண்டும், என்ட்ரோபி கூடியே தீர வேண்டும் என்பது அவர்களின் முடிவு. எனவே அந்தத் தாவல் திரும்பிப் போக முடியாத தாவல். வேதிவினைக்கான விதை இந்தக் கட்டாய வெப்பத்தில் இருக்கிறது.

லைப்னிட்ஸின் பக்கமும் முழுதாகத் தோற்றுவிடவில்லை. 1910இல் ராலேயும் இளைஞரான ஜி. ஐ. டெய்லரும் தனித்தனியே, அந்தச் சுவருக்குத் தடிமன் உண்டு என்று காட்டினார்கள். பாகுத்தன்மையும் வெப்பக் கடத்தலும் சுவரை முற்றிலும் செங்குத்தாக விடாமல் தடுக்கின்றன. காற்றில் வலுவான அலைமுகப்பின் தடிமன், ஒரு மூலக்கூறு அடுத்ததன்மேல் மோதும் முன் பயணிக்கும் தூரத்தின் சில மடங்குதான். திண்மத்திலும் அடர்ந்த திரவத்திலும் அது சில நானோமீட்டராகச் சுருங்குகிறது. கணிதத்தில் தாவலாக இருந்தது, இயற்கையில் மிகச் செங்குத்தான ஏற்றமாக மாறிவிட்டது. தொடர்ச்சி காப்பாற்றப்பட்டதாக அன்று தோன்றியிருக்கலாம். ஆனால் ஒரு மூலக்கூறே சில நானோமீட்டர் நீளமும் அதற்கு மேலும் இருக்கும்போது, மூலக்கூறைவிட மெல்லிய அந்த ஏற்றத்தில் ‘இடைப்பட்ட நிலை’ என்று எதைச் சொல்வது என்ற கேள்வி அப்படியே நின்றது. பாலிமர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்கின.

ராங்கினும் ஹியூகோனியோவும் தந்த சமன்பாடுகள் மூன்றே. நிறை, உந்தம், ஆற்றல் ஆகிய மூன்றும் அலைமுகப்பைக் கடக்கும்போது காக்கப்படுகின்றன என்பதற்கு மேல் அவை எதுவும் சொல்வதில்லை. அலையின் வேகத்தையும் அதன் பின்னால் பொருள் நகரும் வேகத்தையும் அளந்தால், அழுத்தம், அடர்த்தி, ஆற்றல் மூன்றும் கிடைத்துவிடுகின்றன. முகப்பின் இரு பக்கத்தையும் இணைக்கும் இந்தச் சமன்பாடுகள், முகப்புக்குள் என்ன நடந்தது என்பது பற்றி வாய் திறப்பதில்லை. வெப்பநிலையைக்கூட அவை நேரடியாகத் தருவதில்லை.

இந்த மௌனத்தைக் குறையாகக் கருதாத ஒரு தத்துவ மரபு உண்டு. அதன் தலைமகன் எர்ன்ஸ்ட் மாக், அதிர்ச்சி அலையை உலகுக்குக் கண்ணால் காட்டியவர். ஃபியூமே நகரில் பேட்டர் சால்ஷர் எடுத்த, பறக்கும் துப்பாக்கிக் குண்டின் முன்னால் வளைந்து நிற்கும் காற்றலையின் ஒளிப்படங்களை இருவரும் 1887இல் வெளியிட்டார்கள். அறிவியல் ‘காரணம்’ என்ற சொல்லையே விட்டுவிட வேண்டும் என்பது மாக்கின் கொள்கை. ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்ற சார்பு உறவு மட்டுமே நமக்குக் கிடைப்பது. அதற்குப் பின்னால் ஒன்று மற்றொன்றைத் ‘தள்ளுகிறது’ என்று எண்ணுவது மனிதனின் பழக்கம் என்றார். அணுக்கள் இருக்கின்றன என்பதையும் அவர் ஏற்கவில்லை. ராங்கின்–ஹியூகோனியோ உறவுகளைவிட அவரது கொள்கைக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. வேதிவினை நடக்காத வரை இந்தக் கொள்கை தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. பிணைப்பு ஒன்று அறுந்ததும் அது போதாமல்போகிறது என்பதுதான் இக்கட்டுரையின் நிலைப்பாடு. எது அறுந்தது, ஏன் அது முதலில் அறுந்தது, ஏன் அவ்வளவு விரைவில் அறுந்தது என்பவை முகப்புக்குள் இருக்கும் கேள்விகள். அவற்றுக்கு அணுக்களும் வேண்டும், காரணமும் வேண்டும்.

பெயர்ப்பலகைகளிலும் மீன் தொட்டிகளிலும் காணும் அக்ரிலிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளலாம். பாலிமெத்தில் மெத்தக்ரிலேட் என்பது அதன் வேதிப்பெயர். அதிர்ச்சி அலை ஆய்வுகளில் இதைப்போல் அலசப்பட்ட பாலிமர்கள் சிலவே. அதே பொருளாலான ஒரு தகட்டை, அழுத்தப்பட்ட ஹைட்ரஜனால் இயங்கும் இரண்டு கட்ட வாயுத் துப்பாக்கியில் வைத்து நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் இதன்மேல் மோதவிட்டால், உள்ளே பொருள் நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளப்படுகிறது; அலை நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே ஓடுகிறது. அலையின் பின்னால் அழுத்தம் சுமார் 25 ஜிகா பாஸ்கல், அதாவது இரண்டரை லட்சம் வளிமண்டலம். கன சென்டிமீட்டருக்கு 1.19 கிராமாக இருந்த அடர்த்தி 2 கிராமைத் தாண்டுகிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனை அலை சுமார் 140 நானோ நொடியில் கடந்துவிடுகிறது.

இதே கணக்கை ஒரு பிணைப்பின் அளவுக்குக் கொண்டுபோனால்தான் விஷயத்தின் முழுத் தீவிரமும் புரியும். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலுள்ள தூரம் 1.54 ஆங்ஸ்ட்ராம். நொடிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அலை அந்தத் தூரத்தைக் கடக்க 22 ஃபெம்டோ நொடி ஆகிறது. அந்தப் பிணைப்பு ஒருமுறை நீண்டு சுருங்கவோ 30 ஃபெம்டோ நொடிக்குச் சற்று மேல் தேவை. பிணைப்பு ஒரு முழு அதிர்வை முடிப்பதற்குள் அலை அதைக் கடந்து அடுத்ததற்குப் போய்விடுகிறது. ‘மெல்ல அழுத்தப்படுதல்’ என்ற அனுபவத்துக்கே அங்கே நேரம் இல்லை.

ஆற்றல் கணக்கும் கவனிக்கத்தக்கது. மேலே சொன்ன மோதலில் ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 4.5 கிலோஜூல் அக ஆற்றல் சேர்கிறது. இந்தச் சங்கிலியின் ஓர் அலகின் மூலக்கூறு எடை 100. ஆகவே ஒரு மோல் அலகுகளுக்கு 450 கிலோஜூல். ஒரு மோல் கார்பன்–கார்பன் பிணைப்புகளை அறுக்கச் சுமார் 350 கிலோஜூல் போதும். இந்த ஆற்றலில் பெரும்பகுதி பொருளை நெருக்குவதிலேயே செலவாகிறது என்றாலும், அலை கொண்டுவரும் ஆற்றல் பிணைப்புகளின் ஆற்றலோடு ஒப்பிடத்தக்க அளவை எட்டிவிட்டது என்பது தெளிவு.

ஆனால் அந்த ஆற்றல் நேராகப் பிணைப்புக்குப் போய்ச் சேர்வதில்லை. பாலிமர் இரண்டு வகையான விசைகளால் கட்டப்பட்ட பொருள். சங்கிலியின் நெடுகிலும் வலுவான சகப்பிணைப்புகள். சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையில் எளிதில் நசுங்கும் வாண்டர்வால்ஸ் விசைகள். நூல்கண்டை அழுத்தினால் நூல் நசுங்குவதற்கு முன் நூல்களுக்கு நடுவிலுள்ள காற்றிடம் நசுங்குவதுபோல, அலை முதலில் சங்கிலிகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தைத்தான் மூடுகிறது. ஆற்றல் முதலில் குடியேறுவது சங்கிலிகள் ஒன்றை ஒன்று உரசி அசையும் மெதுவான அதிர்வுகளில். விறைப்பான கார்பன்–கார்பன் அதிர்வுகள் அந்த நேரத்தில் ஏறத்தாழக் குளிர்ந்தே இருக்கின்றன. டானா டிலாட்டும் மைக்கேல் ஃபேயரும் 1990இல் விளக்கியபடி, மெதுவான அதிர்வுகளின் ஆற்றல் கூட்டாகச் சேர்ந்து படிப்படியாக மேலே ஏறி, விறைப்பான அதிர்வுகளை வந்தடைய வேண்டும். அதற்குப் பல பிகோ நொடிகள் பிடிக்கும். ஓர் அதிர்வின் கால அளவோடு ஒப்பிட்டால் அது நூற்றுக்கணக்கான மடங்கு நீண்ட காலம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே கணமாகத் தெரிவதற்குள் ஒரு வரலாறே நடந்து முடிகிறது.

அந்த வரலாற்றின் நடுவில் பொருளின் வெப்பநிலை என்ன? கேள்வி எளியது, ஆனால் அதற்கு ஒற்றை எண்ணாக விடை கிடையாது. வெப்பநிலை என்பது ஆற்றல் எல்லா அதிர்வுகளிலும் சமமாகப் பங்கிடப்பட்ட பிறகே பொருள்படும் அளவு. முகப்புக்குள் அந்தப் பங்கீடு நடந்திருக்காது. கணினியில் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்த ஆய்வுகளில், முகப்புக்குள் அலை ஓடும் திசையில் அளந்த வெப்பநிலையும் குறுக்குத் திசையில் அளந்த வெப்பநிலையும் வேறுவேறாக வந்தன. திசைக்குத் திசை மாறும் வெப்பநிலை, நாம் அறிந்த வெப்பநிலை ஆகாது.

இந்த இடத்தில் பெர்சி பிரிட்ஜ்மன் நினைவுக்கு வர வேண்டும். உயர் அழுத்த ஆய்வுகளுக்காக 1946இல் நோபல் பரிசு பெற்ற அவர், 1927இல் ஒரு தத்துவ நூலும் எழுதியிருந்தார். ஒரு கருத்தின் பொருள், அதை அளக்க நாம் செய்யும் செயல்களின் தொகுப்புதான் என்பது அதன் மையக் கொள்கை. அளக்கும் செயல் இல்லாத இடத்தில் கருத்துக்கும் பொருள் இல்லை. இதன்படி, முகப்புக்குள் வெப்பநிலை என்ற சொல்லைப் பயன்படுத்துவதே பிழை. ஆனால் பிரிட்ஜ்மனின் சொந்த அனுபவம் அவரது கொள்கையின் எல்லையையும் காட்டுகிறது. 1956இல் லாஸ் அலாமோஸ் ஆய்வாளர்கள், அதிர்ச்சி அலையின் கீழ் இரும்பு 13 ஜிகா பாஸ்கலில் வேறு நிலைக்கு மாறுகிறது என்று அறிவித்தார்கள். பிரிட்ஜ்மன் தம் அழுத்தக் கருவியில் நிதானமாக இரும்பை அழுத்தி, மின்தடையை அளந்து தேடினார். அந்த மாற்றம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1962இல் நிலையான அழுத்தத்தில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்கள் மாற்றம் உண்மை என்று உறுதிசெய்தன. அலை கண்டதும் கருவி காணாததும் ஒரே இரும்பின் ஒரே மாற்றம்தான். அளக்கும் முறைகள் வேறானாலும் பின்னால் உள்ள பொருள் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆகவே முகப்புக்குள் வெப்பநிலை இல்லை என்று ஒப்புக்கொள்ளலாம். அங்கே நடப்பு எதுவும் இல்லை என்று முடிவு கட்டுவது பொருந்தாது.

இனி காரணத்துக்கு வரலாம். வெப்பமே காரணம் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் விடை. அக்ரிலிக் கண்ணாடி 25 ஜிகா பாஸ்கலில் ஆயிரம் கெல்வினைத் தாண்டிச் சூடாகிறது. தாராளமாக 1500 கெல்வின் என்றே வைத்துக்கொள்ளலாம். 350 கிலோஜூல் தடையைக் கடந்து ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பு தானாக அறுவதற்கு, வேதியியல் பாடநூலிலுள்ள அர்ரேனியஸ் கணக்கின்படி, அந்த வெப்பநிலையில் மில்லி நொடி அளவில் காலம் தேவை. அலையும் அதன் உயர் அழுத்தமும் நீடிப்பதோ மைக்ரோ நொடி அளவில். அறுந்த முனைகள் அடுத்த பிணைப்பை எளிதாக அறுக்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டால் இடைவெளி குறைகிறது. முழுதாக நிரம்பிவிடும் என்று சொல்ல முடியாது. வெப்பம் மட்டும் இந்த வேகத்தை விளக்கப் போதாது.

மற்ற காரணங்கள் மூன்று. முதலாவது, அழுத்தம். இரண்டு சங்கிலிகள் அருகருகே நெருக்கப்படும்போது, சங்கிலி அறாமலேயே ஒன்றின் கார்பன் மற்றொன்றின் கார்பனோடு பிணைந்து, இடத்தைக் குறைத்துக்கொள்ள முடியும். அதிக அழுத்தம் எப்போதும் இடம் குறைந்த அமைப்பையே ஆதரிக்கும். இரண்டாவது, சறுக்கல். அலை ஒரே திசையில் அழுத்துவதால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டுச் சறுக்குகின்றன. மூன்றாவது, பொருளின் குறைபாடுகள். உள்ளே ஒரு நுண்குமிழி இருந்தால் அலை அதை நசுக்கும்போது அந்த ஒரு புள்ளி சுற்றியுள்ள இடங்களைவிடப் பன்மடங்கு சூடாகிறது. வெடிபொருள்கள் எப்படிப் பற்றிக்கொள்கின்றன என்பதை ஆராய்ந்த பௌடனும் யாஃபியும் 1952இல் வெளியிட்ட நூலில் இந்தச் சூட்டுப்புள்ளிகளின் பங்கை விரிவாக நிறுவினார்கள். சராசரி வெப்பநிலை எதுவாக இருந்தாலும் வினை தொடங்கும் இடம் சராசரியான இடம் இல்லை. இதைப் பற்றிச் சாண்டியா ஆய்வகத்தின் ஆர். ஏ. கிரஹாம் தம் 1993ஆம் ஆண்டு நூலில் கடுமையாக வாதிட்டிருக்கிறார். அதிர்ச்சி அலை கடந்த திண்மத்தை, வெறுமனே நெருக்கப்பட்ட, மற்றபடி சேதமில்லாத பொருளாகக் கருதும் வழக்கத்தை அவர் ‘சாதுவான அதிர்ச்சி’ என்று அழைத்து, அதற்கு எதிராகப் ‘பேரழிவான அதிர்ச்சி’ என்ற பார்வையை வைத்தார். பாலிமர்களைப் பொறுத்தவரை அவரது பார்வைதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது.

காரணங்களை வகைபிரித்துப் பார்ப்பதில் சைவ சித்தாந்தம் தேர்ந்த மரபு. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்ட சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது அதன் வாய்பாடு. இந்தப் பகுப்பை இங்கே வைத்துப் பார்த்தால் பொதுவாகக் கவனிக்கப்படாத ஒரு வேறுபாடு துலங்குகிறது. வெடிபொருளில் அலை வெறும் தூண்டுதல். விளைவில் வெளிப்படும் ஆற்றல் முழுவதும் மூலக்கூறுக்குள் ஏற்கெனவே இருந்தது. ஸெல்டோவிச், வான் நாய்மன், டோரிங் மூவரும் 1940க்கும் 1943க்கும் இடையில் தனித்தனியே வகுத்த கோட்பாட்டின்படி, அலை அதைத் திறந்துவிட, வெளிப்பட்ட ஆற்றல் அலையையே மேலும் தள்ளிக்கொண்டு போகிறது. ஆற்றல் அழியாமையைக் கண்டவர்களுள் ஒருவரான ராபர்ட் மேயர், காரணமும் விளைவும் அளவில் சமம் என்று 1842இல் எழுதியவர். ஒரு தீப்பொறி பெரும் வெடிப்பை உண்டாக்குவது அந்தச் சமத்துக்கு அடங்காததைக் கண்டு, 1876இல் தூண்டுதலைக் காரணத்திலிருந்து பிரித்துத் தனிக் கட்டுரையே எழுதினார். பாலித்தீனிலும் அக்ரிலிக்கிலும் நிலைமை வேறு. அவற்றுக்குள் வெளிவரக் காத்திருக்கும் பெரிய ஆற்றல் எதுவும் கிடையாது. அறுக்கும் ஆற்றலை அலையே கொண்டுவர வேண்டும். அலை நின்றால் வினையும் தேய்ந்துவிடும். மேயர் சொன்ன சமக் காரணம் என்ற பெயர் இங்கே அலைக்குப் பொருந்தும், வெடிபொருளில் பொருந்தாது. ‘அதிர்ச்சி அலை வினையைத் தூண்டுகிறது’ என்ற ஒரே வாக்கியம் இரண்டு பொருள்களில் இரண்டு வேறு உண்மைகளைச் சொல்கிறது. குயவனுக்கு ஒப்பான நிமித்தத்தை இரண்டிலும் தேட வேண்டியதில்லை; துப்பாக்கியை இயக்கும் ஆய்வாளரோடு அந்த இடம் நிரம்பிவிடுகிறது.

விசை என்பது வெப்பத்தின் இன்னொரு பெயர்தானா, தனித்த காரணமா என்ற ஐயத்துக்கு மீயொலி விடை தந்தது. பாலிமர் கரைசலில் மீயொலியைச் செலுத்தினால் நுண்குமிழிகள் தோன்றி நொறுங்குகின்றன. நொறுங்கும் குமிழியைச் சுற்றிப் பாயும் திரவம் சங்கிலியின் இரு முனைகளையும் எதிரெதிரே இழுக்கிறது. சங்கிலி பெரும்பாலும் நடுப்பகுதியில் அறுகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மூரின் குழு, சங்கிலியின் நடுவில் பென்சோசைக்ளோபியூட்டீன் என்ற வளையத்தை வைத்து இந்தச் சோதனையைச் செய்து 2007இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. அந்த வளையத்தில் சங்கிலி இரண்டு விதமாக இணையலாம்: வளையத்தின் ஒரே பக்கத்தில், அல்லது எதிர்ப் பக்கங்களில். வெப்பத்தால் வளையத்தைத் திறந்தால் இரண்டும் இருவேறு வடிவங்களைத் தரும் என்பது வுட்வர்ட்–ஹாஃப்மன் விதி. விசையால் திறந்தபோது இரண்டும் ஒரே வடிவத்தைத் தந்தன. சூட்டில் மூடிக் கிடக்கும் ஒரு வழியை இழுவிசை திறந்துவிட்டிருக்கிறது. ஆற்றல் எவ்வளவு வந்தது என்பதோடு எந்தத் திசையில் வந்தது என்பதும் விளைவைத் தீர்மானிக்கிறது. வெறும் அளவுகளின் சார்பு உறவாகக் காரணத்தைச் சுருக்கிய மாக்கின் கொள்கைக்கு இந்தச் சோதனை சரியான மறுப்பு. மீயொலிக் குமிழியும் வாயுத் துப்பாக்கியும் அளவில் வெகு தொலைவு என்றாலும், அதிர்ச்சி அலைக்குள் நடக்கும் சறுக்கலை வெறும் சூடாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

லாஸ் அலாமோஸில் கார்ட்டரும் மார்ஷும் பல பாலிமர்களை ஒவ்வொன்றாக அலையால் அழுத்திப் பெற்ற அளவுகள் 1995இல் அறிக்கையாக வெளிவந்தன. பெரும்பாலானவற்றில் 20 முதல் 30 ஜிகா பாஸ்கலுக்குள், அழுத்தத்தையும் அடர்த்தியையும் இணைக்கும் வளைகோட்டில் ஒரு முறிவு தென்படுகிறது. அதுவரை சீராக நசுங்கிவந்த பொருள் அந்த இடத்தில் சட்டென மேலும் சுருங்குகிறது. முதுகெலும்பில் பென்சீன் வளையம் கொண்ட சங்கிலிகளில் சுருக்கம் அதிகம். வெறும் கார்பன்–ஹைட்ரஜன் சங்கிலியான பாலித்தீனில் குறைவு. ஒரே அலை, ஒரே அழுத்தம், ஆனால் விளைவைச் சொல்வது சங்கிலியின் அமைப்பு. முதற்காரணத்துக்குச் சித்தாந்தம் தந்த இடம் இங்கே உறுதிப்படுகிறது. முறிவைத் தாண்டி அழுத்தப்பட்ட பொருளை மீட்டெடுத்தால், கிடைப்பது பழைய நெகிழி இல்லை, கரியும் வாயுக்களும்தான். அழுத்தம் விலகிய பின்னும் பழைய நிலை திரும்பாததால், நடந்தது வெறும் நெருக்கம் இல்லை, வேதிவினை என்பதில் ஐயமில்லை.

அழுத்தத்தை இன்னும் கூட்டினால் முடிவு அழகானது. 2017இல் டொமினிக் கிராஸ் தலைமையிலான குழு, ஸ்டான்ஃபோர்டின் எக்ஸ் கதிர் லேசர் நிலையத்தில் பாலிஸ்டைரீன் படலத்தின்மேல் லேசரால் இரண்டு அதிர்ச்சி அலைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏவியது. வேகமான இரண்டாவது அலை முதலாவதை எட்டிப் பிடித்த இடத்தில் அழுத்தம் சுமார் 150 ஜிகா பாஸ்கல், வெப்பநிலை சுமார் 5000 கெல்வின். சில நானோ நொடிக்குள் ஹைட்ரஜன் பிரிந்துபோக, கார்பன் நானோமீட்டர் அளவு வைரங்களாகப் படிந்ததை எக்ஸ் கதிர்கள் அங்கேயே காட்டின. யுரேனஸ், நெப்டியூன் கோள்களின் ஆழத்தில் இதே நிகழ்வு நடக்குமா என்று அறிவதே அந்தச் சோதனையின் நோக்கம். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் நெகிழியைக் கொண்டு அதே குழுவினர் செய்த சோதனை 2022இல் வெளிவந்தது. அதிலும் வைரம் கிடைத்தது.

பழைய இந்தியத் தருக்க மரபுகளில் இதே கேள்வி சூளையில் வேகும் குடத்தை வைத்து எழுந்திருக்கிறது. பச்சை மண்குடம் சிவப்பாவது எப்படி? வெப்பம் குடத்தை அணுக்கள்வரை பிரித்துவிடுகிறது, நிறம் தனித்த அணுக்களில் மாறுகிறது, பிறகு அவை மீண்டும் சேர்ந்து குடமாகின்றன என்றது வைசேடிகம். பீலுபாகவாதம் என்று பெயர். கண்ணெதிரே குடம் உடையாமல்தானே இருக்கிறது, வெப்பம் நுண்துளைகள் வழியே புகுந்து முழுக் குடத்தையும் அப்படியே மாற்றுகிறது என்றது நியாயம். அது பிடரபாகவாதம். உடைவதும் சேர்வதும் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் நடப்பதாக வைசேடிகர் பதில் சொன்னார்கள். அதோடு நிற்காமல், உடைவிலிருந்து மறுசேர்க்கை வரை ஒன்பது கணமா, பத்தா, பதினொன்றா என்று படிகளைக் கணக்கிட்டும் பார்த்தார்கள். அளக்கும் கருவி எதுவும் கையில் இல்லாமல், ‘சட்டென’ நடந்த மாற்றத்துக்குள் கட்டாயம் ஒரு வரிசை இருக்க வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தியது பெரிய சாதனை.

இன்றைய அளவுகளை வைத்து இருவருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியும். 150 ஜிகா பாஸ்கலில் பாலிஸ்டைரீன் வைரமாகும் இடத்தில் வைசேடிகர் சொன்னதே சரி: பழைய சங்கிலி எதுவும் மிஞ்சாமல் கார்பனும் ஹைட்ரஜனும் பிரிந்து, புதிதாகச் சேர்கின்றன. மூரின் சோதனையில் நியாயம் வெல்கிறது: சங்கிலி முழுதாக இருக்க, இழுபட்ட ஒரே ஒரு வளையம் மட்டும் திறக்கிறது. 20–30 ஜிகா பாஸ்கல் முறிவில் இரண்டு மரபும் பாதிப் பாதி சரி. சில சங்கிலிகள் அறுந்து சிதற, சில ஒன்றோடொன்று பிணைந்து நிலைக்கின்றன. லைப்னிட்ஸின் கேள்விக்கும் விடை உண்டு. அதிர்ச்சி அலைக்குள் இயற்கை தாவவில்லை. 22 ஃபெம்டோ நொடியில் ஒரு பிணைப்பைக் கடந்து, சில பிகோ நொடிகளில் ஆற்றலை மேலேற்றி, நானோ நொடிகளில் வைரத்தைப் படியவைக்கிறது. ஆனால் அந்தப் படிகளின் நடுவில் வெப்பநிலை என்ற அளவே பொருளிழந்துபோகிறது. இடையிலுள்ள ஒவ்வொரு புள்ளியிலும் எல்லா அளவுகளும் இருந்தே தீரும் என்று எண்ணியதில்தான் லைப்னிட்ஸின் விதி தவறியது.